தரைக்கு ஒரு சாண் மேலே

கராஜ் கதவு இறங்கியது. தரைக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது. நின்ற இடத்திலேயே கொஞ்சம் யோசித்துவிட்டு, வந்த வழியே மேலே ஏறிப் போனது. கூரையில் தொங்கிய மோட்டாரின் விளக்கு பத்து தடவை சிமிட்டி அடங்கியது.

ட்ரூடி ஹான்லன் இத்தோடு மூன்று முறை பார்த்துவிட்டாள். பாதியில் திரும்பும் கதவுகள் அவளுக்குப் புதிதல்ல. மில்டூரா என்ற இந்த வறண்ட ஊரில் பதினாறு வருடமாக அவற்றுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கல் தட்டினால் ஒரு சத்தம், சைக்கிள் சக்கரம் தட்டினால் ஒரு சத்தம், உருளை சிக்கினால் ஒரு கிறீச்சல். கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடுவாள். இந்தக் கதவு சத்தமே போடவில்லை. மெத்தையில் கை வைத்ததுபோல் மெதுவாக அமுங்கி நின்று, பிறகு எழுந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"பாத்தியா? நாலு மாசமா இதே கூத்துதான்" என்றார் மெர்வ் லாக்கியர். எழுபதைத் தாண்டிய மனிதர். திராட்சைத் தோட்டத்தை விற்றுவிட்டு, நகரத்து ஓரத்தில் இந்தச் செங்கல் வீட்டில் தனியாக இருக்கிறார். வீட்டிலிருந்து கராஜுக்குள் இறங்கும் ஒற்றைப் படியில், செருப்பில்லாமல் காலுறையோடு நின்றிருந்தார். ட்ரூடி வந்து அரை மணி ஆகியும் அந்தப் படியை விட்டு அவர் இறங்கவில்லை. அவளுடைய கருவிப் பெட்டியையும் தன் காலடியிலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

"நாலு மாசம் கதவத் தொறந்து போட்டா தூங்குறீங்க, மெர்வ்? திருடனுக்கு இருக்கிற வேலையும் போயிடும்."

"எங்கிட்ட திருட என்ன இருக்கு?" என்றார் அவர். சிரிக்கவில்லை.

மேற்கே வானம் செங்கல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. பிற்பகல் மூன்றரைக்குள் புழுதிப் புயல் வந்துவிடும் என்று வானொலி காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அது வந்தால் எதிர்வீடு தெரியாது. ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதற்குள் வேலையை முடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தபடி ஏணியை விரித்தாள்.

உருளைகளைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் வழுவழுப்பாக ஓடின. வாசலுக்கு மேலே நீளமாகக் கிடந்த ஸ்பிரிங்கில் துரு இல்லை, விரிசல் இல்லை. இரண்டு பக்கக் கம்பி வடங்களிலும் ஓர் இழைகூடப் பிரியவில்லை. அடி ரப்பரில் மட்டும், நடுவுக்குச் சற்று இடப்புறமாக, ஓர் ஆள் அகலத்துக்கு, மேல்நோக்கி ஒரு குழிவு இருந்தது. அதில் விரலை ஓட்டினாள். ஈரமாக இருந்தது. மில்டூராவில் மழை பெய்து ஆறு வாரம் ஆகிறது.

அடுத்தது கண்கள். கதவின் இரு ஓரத்திலும், கணுக்கால் உயரத்தில், ஒளிக்கதிரால் ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சின்ன உணர்கருவிக் கண்கள் இருக்க வேண்டும். நடுவே பூனை புகுந்தால்கூடக் கதவு இறங்காது. ட்ரூடி குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் மொட்டைத் தகடுகள்தான் இருந்தன. அவள் மெல்ல நிமிர்ந்து மோட்டாரைப் பார்த்தாள்.

கண்கள் இரண்டும் மோட்டாரின் முதுகில் இருந்தன. நெற்றியோடு நெற்றி முட்ட வைத்து, பச்சையும் மஞ்சளுமான டேப்பால் சுற்றி ஒட்டப்பட்டிருந்தன.

மேற்குப் பார்த்த கராஜ்களின் தலைவிதி அது. மாலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்க, கதவு மிரண்டுபோய் இறங்க மறுக்கும். கண்ணுக்குச் சின்னக் குடை ஒன்று மாட்டினால் சரியாகிவிடும். கையில் குடை இல்லாதவர்களும் நேரமில்லாதவர்களும் செய்வது இது: இரண்டையும் கழற்றி, எதிரெதிரே ஒட்டி, மேலே கட்டிவிடுவது. அப்புறம் கதவின் கீழே ஆனையே நின்றாலும் அதற்குத் தெரியாது. செய்யக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர் கெஞ்சினால், வாசலில் இன்னும் நாலு வேலை காத்திருந்தால், எல்லோரும் செய்வார்கள்.

பச்சை மஞ்சள் டேப். கறுப்பு டேப் இந்த ஊர் வெக்கையில் இளகிவிடும் என்பதால் ட்ரூடி அதைத்தான் பயன்படுத்துவாள். வேறு பலரும் அப்படித்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"இத யாரு செஞ்சது?"

"யாரோ வந்தாங்க. நான் அப்ப வீட்ல இல்ல" என்றார் மெர்வ்.

கண் கட்டிக் கிடக்கிறது. அப்படியானால் கதவு எதையும் பார்த்துத் திரும்பவில்லை. எதன் மீதோ இடித்துத் திரும்புகிறது.

அவள் ஒரு மரக்கட்டையை வாசலின் நடுவே படுக்க வைத்தாள். எந்தக் கதவையும் இப்படிச் சோதிக்காமல் விட்டுப் போகக் கூடாது என்பது தொழில் விதி. கதவு இறங்கி வந்தது. கட்டையைத் தொடவே இல்லை. அதற்கு மேலே, தரைக்கு ஒரு சாண் உயரத்தில், காற்றில், அமுங்கி நின்றது. மோட்டாரின் குரல் மட்டும் தாழ்ந்து, சுமை தூக்குகிறவன் முனகுவதுபோல் ஆனது. பிறகு ஏறியது. கட்டை இருந்த இடத்தில் இல்லை. சுவரோரமாக, யாரோ எரிச்சலோடு தள்ளிவிட்டதுபோல் கிடந்தது.

ட்ரூடி அதை எடுக்கப் போகவில்லை.

மோட்டாரிலிருந்து கதவைப் பிரிக்கும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். இனி கதவு அவள் கையில். ஒரு விரலால் இறக்கலாம் போல அத்தனை சமநிலை. இடுப்புக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. ஒரு சாண் உயரத்தில் நின்றது. அவள் அழுத்தினாள். கதவு கொஞ்சம் இறங்கிக் கொடுத்து, மறுபடி எழுந்தது. இறங்கியது, எழுந்தது. நிதானமான தாளம். அது மூச்சு என்று அவள் உள்ளங்கைக்குத் தெரிந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. முகப் பவுடர் வாசனை, அதன் அடியில் சட்டியில் தீய்ந்த பால்போல் ஏதோ ஒன்று.

கையை வெடுக்கென்று எடுத்தாள். கதவை மேலே தள்ளி, மோட்டாரோடு மறுபடி மாட்டிவிட்டாள். வாசலில் ஒன்றுமில்லை. வெறும் தரை.

"சுவர்ல இருக்கிற பட்டன அழுத்தியே பிடிச்சா எறங்கிடுமாமே?" என்றார் மெர்வ். அவர் தோளுக்குப் பக்கத்திலேயே அந்தப் பொத்தான் இருந்தது.

"எறங்கும். அழுத்தியே பிடிச்சா கண்ண மதிக்காது, எதையும் மதிக்காது. வெரல எடுத்தாதான் திரும்பி ஏறும். நீங்க பிடிச்சுப் பாத்தீங்களா?"

"ஒரு தடவ. அப்புறம் மனசு வரல."

புயல் வந்துவிட்டது. சத்தம் எதுவும் இல்லாமல், தெருவின் மேற்குக் கோடியில் ஒரு செஞ்சுவர் எழுந்து, மின்கம்பங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு, எதிர்வீட்டையும் அவளுடைய வேலை வண்டியையும் விழுங்கி, வாசல்வரை வந்து நின்றது. பகல் பழுப்பாகி, சிவப்பாகி, இருண்டது. மோட்டாரின் மஞ்சள் விளக்கு மட்டும் மிஞ்சியது. பல்லில் மண் நெறுநெறுத்தது.

ஏணியில் ஏறி, கதவின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பார்த்தாள். கடைசிவரை முறுக்கப்பட்டிருந்தது. இதற்கு மேல் போகாது. எதன் மீது பட்டாலும் சுலபத்தில் திரும்பாது. திருகின் பக்கத்தில் நீலப் பேனாவால் சாய்வாக ஒரு சின்னக் கோடு. எங்கே நிறுத்தினோம் என்று நினைவிருக்க அவள் இழுக்கும் கோடு. அவள் கோடேதான்.

அவசரமாகக் கதவின் உட்பக்கத்தைப் பார்த்தாள். வேலை முடிந்ததும் பெயரும் தொலைபேசி எண்ணும் உள்ள ஸ்டிக்கர் ஒன்றை அவள் ஒட்டும் மூலை. அங்கே ஸ்டிக்கர் இல்லை. அது இருந்த சதுரம் மட்டும், புழுதி படியாமல், வெள்ளையாக.

எல்லாம் திரும்பி வந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம். ஒரே நாளில் ஒன்பது வீடு. இந்த வாசலில் ஒரு பெண்மணி, முகமெல்லாம் பவுடர், ஐஸ் போட்ட தண்ணீரும் ஒரு துண்டு பழக் கேக்கும் கொண்டுவந்து நீட்டினாள். "எப்படியாவது மூடுற மாதிரி பண்ணிடும்மா." ஜனவரியில் குடை கொண்டுவந்து மாட்டித் தருகிறேன் என்று ட்ரூடி வாக்குக் கொடுத்தாள். கேக்கை வண்டியில் தின்றாள். ஜனவரியில் வரவில்லை. மறந்தேபோனாள்.

"எல்வா. என் வீட்டுக்காரி" என்றார் மெர்வ், அவள் முகத்தைப் படித்தவர்போல். "கொடியில காயப்போட்ட துணி காத்துல பறந்து வாசல்ல விழுந்துச்சு. கதவு மூடறதுக்குள்ள எடுத்துடலாம்னு குனிஞ்சிருப்பா போல. இடுப்பு வலிக்காரி, கீழ விழுந்தா சட்டுனு எழுந்துக்க முடியாது. நான் உள்ள கிரிக்கெட் பாத்துட்டிருந்தேன். மோட்டார் முனகிட்டே இருந்துச்சு. கதவுதானேன்னு டீ போட்டேன். ரெண்டு கோப்ப."

ட்ரூடி ஏணியிலிருந்து இறங்கினாள். "மெர்வ், நான்..."

"போலீஸ்காரன் கேட்டான், யாரு வேல பாத்ததுன்னு. தெரியாதுன்னுட்டேன்." சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மடித்து மடித்து நைந்துபோன ஸ்டிக்கர். ஹான்லன் கதவுகள். அதன் கீழே அவளுடைய எண்.

ஓடியிருக்கலாம். வண்டி இருபதடி தூரத்தில்தான், அந்தச் செம்மைக்குள் எங்கேயோ. ஆனால் அவளுக்கு ஓடத் தோன்றவில்லை. குற்றம் அவளுடையது, அதை அவள் கையாலேயே சரிசெய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது. டேப்பைப் பிய்த்தாள். கண்களைக் கீழே கொண்டுவந்தாள். முதலில் கண்களை மாட்டுவோம், திருகைப் பிறகு தளர்த்துவோம் என்று நினைத்தாள். மின் இணைப்பைப் பிடுங்கவில்லை. கதவு இறங்காமலிருக்கத் தடத்தில் பிடிகுறடைப் பூட்டவில்லை. பயிற்சிக்கு வரும் முதல் நாளே சொல்லித் தருவது அது. அந்த அவசரத்தில் அவளுக்கு அது நினைவில் இல்லை.

வலது கண்ணை மாட்டினாள். இடது பக்கத் தகட்டில் திருகாணி சிக்கிக்கொண்டது. வாகாகப் பிடிக்க, வாசலின் குறுக்கே மல்லாந்து படுத்தாள். தரை ஜில்லென்றிருந்தது.

பக்கத்தில் யாரோ படுத்திருந்தார்கள்.

பார்க்கவில்லை. பவுடர் வாசனை. காதருகே மூச்சு. உள்ளே போவது மட்டும். வெளியே வருவதில்லை.

எழ முயன்றாள். மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. குளிர்ந்த விரல்கள். ஒன்றில் மோதிரம்.

மேலே மோட்டார் உறுமியது.

"மெர்வ், வெரல எடுங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் பார்த்தார். கட்டைவிரல் பொத்தானில், நகம் வெளுக்க.

"மெர்வ்."

கதவு நெஞ்சைத் தொட்டது. நிற்கவில்லை. எலும்பு ஒன்று உள்ளே சொடுக்கியது. இன்னொன்று. கத்த வாயைத் திறந்தாள். உள்ளே இருந்த காற்று முழுவதும் ஒரே மூச்சில் போய்விட்டது. புதிதாக வர இடமில்லை. அடி ரப்பரின் குழிவில் அவள் மிகச் சரியாகப் பொருந்தினாள். கதவு எப்படியும் திரும்ப வேண்டும். இவ்வளவு பட்டால் எந்தக் கதவும் திரும்பும். இது திரும்பாது. திருகை வைத்தது அவள்தான்.

மணிக்கட்டைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

கண்ணோரத்தில் ஒரு பாதம் ஊன்றியது. வீக்கமான கணுக்கால், நீல வீட்டுச் செருப்பு. இன்னொரு பாதம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறவளின் நீண்ட முக்கல். செருப்புகள் தரையில் தேய்ந்து, தேய்ந்து, படியை நோக்கிப் போயின. புழுதியில் தடம் விழுந்தது.

"பாத்து வா எல்வா. படி இருக்கு" என்றார் மெர்வ். இடது கையை நீட்டினார். வலது கட்டைவிரல் பொத்தானிலேயே இருந்தது.

பிறகு, நான்கு மாதத்தில் முதல்முறையாக, அவர் அந்தப் படியிலிருந்து தரையில் கால் வைத்தார். ஒரு கால்தான். காலடியில் இருந்த பெட்டியில் தேடி, பச்சை மஞ்சள் டேப்பை எடுத்தார். பல்லால் கடித்துக் கிழித்தார். அழுத்திய பொத்தான் எழாதபடி அதன் மேல் ஒட்டினார். இன்னொரு துண்டு, குறுக்காக. நகத்தால் ஓரங்களை நீவிவிட்டார்.

"நல்ல டேப்பு. விடாது" என்றார்.

வீட்டுக் கதவு சாத்தப்பட்டது. அதற்குள்ளிருந்து கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் வந்தது. பீங்கான் மேல் பீங்கான், இரண்டு முறை. தலைக்கு மேலே மோட்டார் முனகிக்கொண்டிருந்தது. அதன் விளக்கு நாலரை நிமிடம் எரியும் என்று ட்ரூடிக்குத் தெரியும். அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. முனகல் நிற்கவில்லை.