நாலாம் வகுப்பில் காணாமல் போன டப்பா

செவ்வாய்க்கிழமை, மதியம் பன்னிரண்டு நாற்பது. நாலாம் வகுப்பு அஸீலா குழாயடியில் மயங்கி விழுந்தாள்.

தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் ஆயா சுடலைவடிவு. அலுவலக பெஞ்சில் கிடத்திச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியதும் பிள்ளை கண் திறந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் ஒன்றும் இல்லை, வயிறு காலி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வகுப்பாசிரியை முத்துராணி அஸீலாவின் சாப்பாட்டுப் பையைத் திறந்தாள். தண்ணீர் பாட்டில் இருந்தது. ஈரமே படாத ஸ்பூன் இருந்தது. பாதி பிரித்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது. டிபன் பாக்ஸ் இல்லை.

டப்பா எங்கே என்று கேட்டாள். தெரியாது என்றாள் அஸீலா. முத்துராணி தன் சாப்பாட்டைப் பிசைந்து ஊட்டினாள். பிள்ளை விழுங்கிய வேகத்தைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒன்று பத்து. வண்ணார்பேட்டையில் இருக்கும் அந்தச் சின்னத் தனியார் பள்ளியில் சத்துணவு கிடையாது. பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். ஆகவே டப்பா காணாமல் போவது சின்ன விஷயம் இல்லை. தலைமையாசிரியை விசாரித்தார். காலையில் எல்லோரும் பிரார்த்தனைக்குப் போயிருந்தபோது, அஸீலாவின் பைக்குள் ஆயா கைவிட்டதைப் பார்த்ததாக இரண்டு பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.

சுடலைவடிவு மறுக்கவில்லை. “கையை விட்டேன் டீச்சர். எடுக்கல, வச்சேன். அந்தப் பிள்ள மத்தியானம் தண்ணியக் குடிச்சிட்டுச் சும்மாவே சுத்துது. அதான் பிஸ்கட்டு வச்சேன். வெளிய சொன்னா அதுக்கு வெக்கமா இருக்கும்லா?”

தலைமையாசிரியை நம்பவில்லை. நாலு மணிக்குள் உண்மை தெரியாவிட்டால் நாளையிலிருந்து ஆயா வர வேண்டாம் என்று தாளாளர் சொல்லிவிட்டாராம்.

போன வாரமே சுடலைவடிவு முத்துராணியிடம், இந்தப் பிள்ளையைக் கொஞ்சம் பாருங்க என்று சொல்லியிருந்தாள். அன்று மதிப்பெண் பட்டியல் கையில் இருந்தது. தலையை மட்டும் ஆட்டி வைத்திருந்தாள்.

ஒன்று முப்பத்தைந்து. அஸீலாவின் அம்மா ஜெபகனிக்குப் போன் போட்டாள். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு இறங்கி வந்த குடும்பம். ஜெபகனி மேலப்பாளையத்தில் ஒரு தையல் கூடத்தில் நூல் வெட்டுகிறாள்.

“இன்னைக்கு என்ன கட்டிக் குடுத்தீங்க?”

“எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ். உங்க தாளு பார்த்துத்தான் டீச்சர் கட்டுதேன்.”

ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் முத்துராணியே எழுதி நகலெடுத்துக் கொடுத்த தாள் அது. திங்களுக்குத் துண்டு போட்டு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, செவ்வாய்க்கு எலுமிச்சைச் சாதம், புதனுக்கு வெல்லமும் தேங்காயும் வைத்துச் சுருட்டிய சப்பாத்தி, வியாழனுக்கு மாதுளை தூவிய தயிர்ச்சாதம், வெள்ளிக்கு முட்டைச் சாதம். வேலைக்குப் போகும் அம்மாக்கள் இருபது நிமிடத்தில் கட்டிவிடலாம் என்று மேலே எழுதியிருந்தாள்.

“சாயங்காலம் டப்பா வீட்டுக்கு வருதா?”

“தெனமும் வருதே.”

“மிச்சம் வைக்காளா?”

“ஒரு பருக்கை இருக்காது. முன்னெல்லாம் கறிவேப்பிலையப் பொறுக்கி ஓரமா வச்சிருப்பா. மூணு வாரமா அதுவும் இல்ல. உங்க தாளு ராசிதான். மூடியத்தான் என்னால தொறக்க முடியல, அம்புட்டு இறுக்கமா மூடிருக்கா.”

பிஸ்கட் வாங்கிக் கொடுத்தீர்களா என்றதற்கு இல்லை என்றாள். அஸீலாவைக் காலையில் கொண்டுவிடுவதும், கொஞ்ச நாளாக நாலு மணிக்குக் கூட்டிப்போவதும் அப்பா மணிராஜ்தான். அவர் மரக்கடையில் லோடு ஏற்றுகிறார், மத்தியானச் சாப்பாடு அங்கேயே கொடுத்துவிடுகிறார்கள் என்றாள். பிள்ளை மயங்கியதையும் இப்போது தேறிவிட்டதையும் முத்துராணி சொன்னாள். கூடத்தில் மூன்று மணிக்குத்தான் வெளியே விடுவார்கள், அதற்கடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றாள்.

இரண்டு ஐந்து. ஆசிரியர் அறையில் முத்துராணி தனியாக உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் திருடன் டப்பாவைத் தினமும் ஏன் பத்திரமாகத் திருப்பி வைக்க வேண்டும்? மூன்று வாரம் சோறு பறிபோன பிள்ளை ஏன் ஒரு நாளும் புகார் சொல்லவில்லை? கொஞ்ச நேரத்தில் விடை வந்துவிட்டது. வந்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெஞ்சில் படுத்திருந்த பிள்ளையிடம் போய்க் குனிந்து, அப்பாவுக்கா கொடுக்கிறாய் என்று மெல்லக் கேட்டாள். அஸீலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

மூன்று இருபது. தலைமையாசிரியையின் அறை. சுடலைவடிவு கதவோரம் நின்றிருந்தாள்.

“டப்பாவ யாரும் திருடல மேடம். அது பள்ளிக்கூடத்துக்குள்ளயே வரல,” என்றாள் முத்துராணி. “வர்ற வழியில அஸீலாவே குடுத்திருதா. அவ அப்பாவுக்கு.”

ஸ்பூன் ஈரம் படவில்லை. சாப்பிட்டது கையால் சாப்பிடுகிற ஆள். கறிவேப்பிலையைக்கூட மிச்சம் வைக்காத பசி அவருக்கு. அம்மாவாலேயே திறக்க முடியாத மூடியை ஒன்பது வயதுக் கை மூடியிருக்காது. லோடு தூக்கிய கைதான் மூடியிருக்கும். நம் எல்லோர் கண் முன்னாலும் இருந்ததை நாம்தான் பார்க்கவில்லை என்றாள். மரக்கடையில் ஆறு மணி வரை வேலை. அந்த வேலையில் இருப்பவர் நாலு மணிக்குப் பள்ளி வாசலில் எப்படி நிற்பார்? பொறுப்பான அப்பா என்று அவளே வகுப்பில் பாராட்டியிருக்கிறாள்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமே என்றார் தலைமையாசிரியை.

மூன்று நாற்பத்தைந்து. மணிராஜ் வாசலில் நின்றார். தோளில் ஒரு மஞ்சப்பை. உள்ளே வட்டமாக ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. முத்துராணி அவரை ஓரமாகக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். எப்படிப் பக்குவமாகச் சொன்னாலும் அது அவர்மேல் அடியாகத்தான் போய் இறங்கியது.

“இங்க சோறு போடுதாவன்னு சொன்னாளே டீச்சர்,” என்றார். “மாஞ்சோலைப் பள்ளிக்கூடத்துல போட்டாவல்லா, இங்கனயும் அப்படித்தான்னு நெனச்சேன். எனக்கு இங்கயே கெடைக்கு, நீங்க சாப்பிடுங்கப்பான்னா.”

மரக்கடையில் ஆளைக் குறைத்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. அதை வீட்டில் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. தினமும் அதே நேரத்துக்குக் கிளம்பி வேலை கேட்டு அலைந்தார். கிடைக்காதபோது பள்ளிக்கு எதிரே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் பள்ளி சீக்கிரம் விட்டது. அவர் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை பார்த்துவிட்டது. மறுநாளிலிருந்து டப்பா அவர் கைக்கு வந்தது.

“அவ அம்மைக்குத் தெரிய வேண்டாம் டீச்சர்,” என்றார்.

முத்துராணியால் சரி என்று சொல்ல முடியவில்லை. சொல்லாமல் விட்டிருந்தால் சுடலைவடிவின் வேலை போயிருக்கும். சொன்னதில் இந்த மனிதர் நிமிர முடியாமல் நிற்கிறார். எந்தப் பக்கமும் அவள் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

சுடலைவடிவு அஸீலாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பிள்ளைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“நான் யார்ட்டயும் சொல்லலப்பா,” என்றாள்.

எதிர்ச்சாரியில் மேலப்பாளையம் பஸ் வந்து நின்றது. ஜெபகனி படியிலிருந்து இறங்கி, இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டைக் கடந்து அவர்களை நோக்கி ஓடி வந்துகொண்டிருந்தாள்.