மிதி, பிடி, விடு

ஐப்பசி மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், கண்ணாயிரம் வேங்கிக்காலில் தம் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கினார். ஓராண்டாகப் பூட்டிக் கிடந்த வீடு அது. ஆட்சியர் அலுவலகத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்ற அவர், மனைவி தமிழ்செல்வி மறைந்தபின் இங்கே தனித்திருக்க மாட்டாமல், வேலூரில் செவிலியராக இருந்த மகள் எழிலிடம் போய்த் தங்கியிருந்தார். இப்போது எழிலை ஜவ்வாது மலைமேல் இருக்கும் ஒரு சுகாதார நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். நினைத்த நேரத்தில் பேருந்து கிடைக்கும் ஊரன்று அது.

“அம்மா உக்காந்த வண்டிய எனக்குக் குடுத்துடுங்கப்பா. நானே ஓட்டிக்கிறேன்” என்றாள் எழில்.

வண்டி ஒரு வெள்ளை அம்பாசடர். அலுவலகத்தில் பழைய வண்டிகளைக் கழித்து ஏலம் விட்டபோது, தாம் ஓட்டிய வண்டியைத் தாமே எடுத்து வந்திருந்தார் கண்ணாயிரம். வயதான வண்டியின் டிரம் பிரேக்கை நம்பி மலைப்பாதையில் மகளை அனுப்ப அவருக்கு மனமில்லை. முன்சக்கரங்களுக்குப் புதிய டிஸ்க் பிரேக் மாற்றும் வேலையைப் போன கார்த்திகையிலேயே தொடங்கியிருந்தார். இடப்பக்கம் பொருத்தியாயிற்று. வலப்பக்கம் அப்படியே நின்றுபோயிற்று.

ஏன் நின்றது என்பதை அவர் யாரிடமும் பேசுவதில்லை.

கார் ஷெட்டின் தகரக் கதவை இழுத்துத் திறந்தார். ஈரச் சாக்கின் வாடையும், பழைய கிரீஸின் வாடையும், எலி குடியிருந்த வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. அவற்றுக்கெல்லாம் அடியில், மெலிதாக, காரமாக வேறொரு வாசம் இருந்தது.

பச்சைப் பூண்டு.

எலி எங்கிருந்தாவது இழுத்து வந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டார். வண்டியின் மேல் விரல் புதையும் அளவுக்குத் தூசி படிந்திருந்தது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பின்னிருக்கையில் தூசி. பக்கத்து இருக்கையில் தூசி.

ஓட்டுநர் இருக்கையில் மட்டும் தூசி இல்லை.

அவர் நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றுவதற்காக அதே ஆட்டோவில் கடைக்குக் கொடுத்தனுப்பினார்.

பிரேக் வேலையில் தனியொருவரால் ஆகாத கட்டம் ஒன்று உண்டு. புதிய பாகங்களைப் பொருத்தியபின் குழாய்களுக்குள் காற்று தங்கிவிடும். ஒருவர் உள்ளே அமர்ந்து பெடலை மிதித்து மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். மற்றவர் சக்கரத்தருகே படுத்துச் சிறு திருகைத் தளர்த்தி, காற்றை ஆயிலோடு வெளியேற்ற வேண்டும். திருகை மூடியபின்தான் மிதித்தவர் காலை எடுக்கலாம். காற்று மிச்சமிருந்தால், இறக்கத்தில் பெடல் தரையைத் தொடுமேயன்றி வண்டி நிற்காது.

அந்த வீட்டில் உள்ளே அமர்பவள் எப்போதும் தமிழ்செல்விதான். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பிரேக் மட்டும் தெரியும். மடியில் முறத்தை வைத்துப் பூண்டு உரித்தபடியே மிதிப்பாள். ஷெட்டின் தரை தெருவை நோக்கிச் சரிந்திருக்கும் என்பதால், ஏறி உட்கார்ந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றே.

“கல்லு வெச்சிட்டீங்களா?”

“வெச்சாச்சு, வெச்சாச்சு. கலெக்டரே இவ்ளோ கேள்வி கேட்டதில்ல.”

“கலெக்டருங்கெல்லாம் பின்னாடிதானே உக்காந்தாங்க. முன்னாடி உக்காந்து மிதிக்கிறவ நான்தானே. நான் கேப்பேன்.”

பின்சக்கரத்துக்குப் பின்னால் கருங்கல் இருப்பதை அவள் தலையை நீட்டிப் பார்த்த பிறகே வேலை நடக்கும். அதன்பின் அவர்களிடையே மூன்று சொற்கள்தாம். மிதி. பிடி. விடு. ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து ஒரு “ம்” வரும். அவள் மிதிக்கும்போதெல்லாம் பின்விளக்குகள் எரிந்து, ஷெட்டின் பக்கச் சுவர் சிவக்கும்.

போன கார்த்திகையில் ஒருநாள் “மிதி” என்றார். “ம்” என்றாள். “பிடி” என்றார். “ம்” என்றாள். திருகை மூடிவிட்டு “விடு” என்றார்.

சுவர் சிவந்தே இருந்தது.

“விடுன்னா விடேன். காது கேக்கலயா?” என்று அதட்டியபடி அவர் ஊர்ந்து வெளியே வந்தார். முறம் மடியில் அப்படியே இருந்தது. உரித்த பூண்டுப் பல் ஒன்று விரல்களுக்கிடையே இருந்தது. தலை மட்டும் சற்றே சாய்ந்திருந்தது. இதயம் நின்ற பிறகும், பிடி என்று அவர் சொன்ன பெடலைவிட்டு அந்தக் கால் எடுபடவில்லை.

அதுவே அவ்வேலை நின்ற காரணம்.

ஊர் திரும்பிய மறுநாள் வலப்பக்கச் சக்கரத்தைக் கழற்றினார். கருங்கல்லைப் பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, துருவேறிய டிரம்மை நீக்கி, டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரையும் பொருத்தினார். கைக்குப் பழகிய வேலை. மனமும் அதில் சற்று ஆறியது. பெடல் மிதிக்க, எதிர்வீட்டுச் சந்திரம்மாள் பால் கறந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

வானம் மீண்டும் இருண்டது. ஊரையொட்டிய மலையின் உச்சி மேகத்துக்குள் போயிற்று. தகரக் கூரைமேல் மழை விழத் தொடங்க, ஷெட்டுக்குள் மாலைக்கு முன்னரே மாலையாயிற்று. கண்ணாயிரம் சக்கரத்தருகே சாக்கை விரித்துப் படுத்து, திருகில் ஸ்பேனரைப் பூட்டினார்.

கை பழகியதைப் போலவே வாயும் பழகியிருந்தது. தம்மை அறியாமல் சொன்னார்.

“மிதி.”

தலைக்கு மேலே பெடல் கிறீச்சிட்டது.

அவர் அசையவில்லை. மழையின் ஓசையா என்று காதைத் தீட்டினார். பெடல் மேலே எழுந்தது. மறுபடி இறங்கியது. மறுபடி எழுந்தது. அவசரமில்லாத, ஒரே சீரான மிதி. உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் அந்த மிதி உண்டு.

“பிடி” என்றார். குரல் அவருடையதாகவே இல்லை.

“ம்.”

கை தானாகவே திருகைத் தளர்த்திற்று. குழாய் வழியே ஆயில் குமிழி குமிழியாக வந்து போத்தலில் இறங்கியது. மூடினார். தலையைத் திருப்பிப் பார்த்தபோது, பக்கச் சுவர் சிவந்திருந்தது.

பேட்டரி கடையில் இருந்தது.

“விடு” என்று அவர் மூச்சாலேயே சொன்னார்.

சுவர் இருண்டது.

“அண்ணா” என்று வாசலில் குரல் கேட்டது. சாக்கைத் தலைக்குப் போர்த்திக்கொண்டு சந்திரம்மாள் நின்றிருந்தாள். “இன்னாண்ணா, என்ன வரச்சொல்லிட்டு எழில உக்கார வெச்சிட்டியா? எப்ப வந்துச்சு அது? நடையிலயே பாத்தேன், உள்ள குனிஞ்சுக்கினு உக்காந்துக்குது.”

கண்ணாயிரம் எழுந்து வந்து ஓட்டுநர் கதவை மறைத்தாற்போல் நின்றார்.

“எழில் வரலம்மா. நாந்தான் உக்காந்து பாத்தேன்.”

“உனக்கு ஏதுண்ணா கொண்டை?” என்று சிரித்தாள் அவள். பின் அவர் முகத்தைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல வடிந்தது.

“நான் வரேண்ணா” என்று சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டாள். அதன்பின் அவள் அந்தப் பக்கம் வரவில்லை. பாலைக்கூட மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

அச்சம் அவருக்கு இல்லாமலில்லை. ஆனால் அச்சத்தைக் காட்டிலும் பெரிதாக ஒன்று அவருக்குள் எழுந்து நின்றது. வேலை முடிந்துவிட்டால்?

காற்று முழுவதும் வெளியேறிவிட்டால் யாரும் மிதிக்க வேண்டியதில்லை. “மிதி” என்று சொல்ல அவருக்கும் ஒரு காரணம் இராது. மறுநாள் பெடல் கல்லைப் போல் கெட்டியாக நின்றபோது, கண்ணாயிரம் தம் வாழ்நாளில் எந்த வண்டிக்கும் செய்யாத காரியம் ஒன்றைச் செய்தார். திருகை மெல்லத் திறந்து, குழாய்க்குள் காற்றை உள்ளே விட்டார்.

பின்னர்ச் சாக்கில் படுத்துக்கொண்டு சொன்னார்: “மிதி.”

“ம்.”

இப்படியே நாள்கள் கழிந்தன. பகலில் எடுத்த காற்றை மாலையில் விட்டார். மாலையில் விட்டதைப் பகலில் எடுத்தார். வீட்டுக்குள் சமைப்பதில்லை. ஷெட்டிலேயே டீயும் பன்னும் ஆயிற்று. படுத்தபடியே எழிலைப் பற்றிச் சொல்வார். வேலூர் வீட்டின் வெக்கையைப் பற்றிச் சொல்வார். பதில் ஒரு “ம்” தான். அந்த ஓரெழுத்துக்காக அவர் உயிரையே கொடுப்பார் போலிருந்தது. எழுந்து உள்ளே எட்டிப் பார்க்க மட்டும் அவருக்குத் துணிவில்லை. பார்த்தால் இருக்கமாட்டாளோ என்றும் அஞ்சினார். இருந்துவிட்டால் எந்த முகத்தோடு இருப்பாளோ என்றும் அஞ்சினார்.

எழில் கைப்பேசியில் அழைத்தாள்.

“முடிஞ்சுதாப்பா? திங்கக்கெழம நான் டூட்டில சேரணும்.”

“இன்னும் ஏர் நிக்குதும்மா.”

“இத்தன நாளாவா? நீங்க ஒரு மணி நேரத்துல முடிப்பீங்களேப்பா. பேசாம பிரேக் எப்படி இருக்கோ அப்படியே எடுத்துட்டுப் போறேன், மெதுவா ஓட்டிக்கிறேன்.”

“பாக்கலாம்மா” என்றார் அவர். வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லத் தோன்றவில்லை என்பதை அந்த நேரத்தில் அவர் உணரவுமில்லை.

அன்று பின்சக்கரங்களின் பிரேக்கைச் சரிசெய்வதற்காகக் கல்லை அகற்றி, கைபிரேக்கையும் இறக்கியிருந்தார். அந்த வேலை முடிந்ததும், பொழுது சாய்வதற்குள் அவள் குரலைக் கேட்டுவிட வேண்டும் என்ற தவிப்பில் முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிவிட்டு, அடியில் புகுந்து படுத்தார்.

“மிதி” என்றார்.

பெடல் இறங்கியது. ஒரே மிதி. கடுமையான மிதி. வண்டியின் உடல் முழுவதும் அதிர்ந்து அடங்கியது.

“மெதுவா செல்வி. விடு.”

சுவர் சிவந்தே இருந்தது.

“விடு.”

மழை நின்றிருந்தது. ஒரு துளிகூட ஓசையில்லை. மேலே மூச்சு வாங்குவது கேட்டது. பளுவைத் தாங்கி நிற்பவர்கள் வாங்கும் மூச்சு.

“செல்வி, விடு.”

அந்தக் கார்த்திகைப் பிற்பகல் முழுவதும் அவர்மேல் மீண்டும் கவிந்தது. ஊர்ந்து வெளியே வந்தார். உள்ளே பார்க்காமல், கண்களைத் தரையில் பதித்தே வண்டியின் பின்பக்கம் நடந்தார். சிவப்பு வெளிச்சத்தில் பின்சக்கரம் தெரிந்தது.

அதன் பின்னால் கல் இல்லை.

ஜாக்கி சாய்ந்திருந்தது. தெருவை நோக்கிச் சரியத் தொடங்கிய வண்டியைப் பின்சக்கரங்களின் பிடி ஒன்றே தடுத்து நிறுத்தியிருந்தது. அந்தப் பிடி தளர்ந்திருந்தால், அவர் படுத்திருந்த இடத்தில்தான் முழு வண்டியும் இறங்கியிருக்கும்.

கருங்கல்லைத் தூக்கிவந்து அண்டை கொடுத்தார். அது முதலில் சரியாக அமரவில்லை. உதைத்து இறுக்கினார்.

“வெச்சிட்டேன்” என்றார்.

பெடல் மெல்ல எழுந்தது. சுவர் இருண்டது.

கண்ணாயிரம் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதார். அப்படியே எடுத்துப் போகிறேன் என்று மகள் சொன்னதும், பாக்கலாம் என்று தாம் சொன்னதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தன. இறந்தவள் கல்லை மறக்கவில்லை; இருப்பவர் மறந்தார்.

அந்த ஞாயிறன்று அவர் குளித்து, நெற்றியில் நீறிட்டு, ஷெட்டுக்கு வந்தார். கல்லை வைத்தார். கைபிரேக்கை ஏற்றினார். ஒவ்வொரு சக்கரமாகப் போனார். ஒரு குமிழியும் இல்லாமல் ஆயில் தெளிந்து வரும்வரை விடவில்லை. “மிதி” என்றதற்கும் “பிடி” என்றதற்கும் “ம்” என்ற விடை வந்தது. கடைசித் திருகை இறுக மூடியபின் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“ஆச்சு செல்வி” என்றார். “அன்னிக்கு உன்ன அதட்டிட்டேன். இப்ப அதட்டல. காலு வலிக்கும். விடும்மா.”

விடை வரவில்லை. சுவரிலிருந்து சிவப்பு, அடுப்புத் தணல் அவிவதைப்போலச் சிறுகச் சிறுக வடிந்தது. பூண்டு வாசமும் போயிற்று. கிரீஸ் வாடையும் ஈர வாடையும் மட்டுமே மிஞ்சின.

திங்கள் விடியலில் எழில் வந்தாள். பேட்டரியும் வந்து சேர்ந்தது. நான்கு சக்கரங்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துத் தேங்காய் உடைத்தார்கள். கண்ணாயிரம் அந்தக் கருங்கல்லைத் தூக்கி டிக்கியில் வைத்தார்.

“இது எதுக்குப்பா? கைபிரேக் இல்லையா?” என்று சிரித்தாள் எழில்.

“இருக்கட்டும். எங்க நிறுத்துனாலும் வெய்யி.”

பழங்கள் நசுங்கின. வண்டி போளூர் சாலையில் ஏறி மறைந்தது. வெறுமையான ஷெட்டுக்குள் போய், அவர் தரையிலிருந்த எண்ணெய்க் கறைமேல் நின்று “செல்வி” என்று ஒருமுறை அழைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாமைக்குத்தான் அவர் இவ்வளவு நாளும் அஞ்சியிருந்தார்.

உச்சிப்பொழுதில் எழில் அழைத்தாள்.

“வந்து சேந்துட்டேன்பா.”

“வண்டி எப்படிம்மா?”

“நல்லா வந்துது. பிரேக்குதான்...”

“பிரேக்குக்கு இன்னா?”

“ஒவ்வொரு வளைவுலயும், நான் கால வெக்கிறதுக்குள்ளயே பெடலு தானா எறங்குது. புது பிரேக்குன்னா அப்படித்தானாப்பா?”

கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாம்மா” என்றார். “புது பிரேக்கு அப்படித்தான்.”

மறுமுனையில் எழில், பக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருப்பதைப்போலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“மேட்டுலதான் நிறுத்தியிருக்கேன். சாவிய எடுத்துட்டு எறங்கிட்டேன்பா. பின்னாடி வெளக்கு ரெண்டும் எரிஞ்சிக்கினே இருந்துது. கல்லு வெச்ச பெறகுதான் அணைஞ்சுது.”