சேனை தொட்ட விரல்

கூண்டுக்குள் பிறந்த குட்டி 'ங்கா... ங்கா...' என்று அழுதது. குரங்குக்குட்டி கிறீச்சிடும், இப்படி அழாது. அந்தச் சத்தத்துக்கு முத்தழகுக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. அவளும் கைப்பிள்ளைக்காரிதான். ஆனால் அவள் மகன் தோட்டத்துக் குடிசையில், தூளியில் அல்லவா தூங்குகிறான்?

தீவின் அக்காள்மடத்தில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பங்களா அது. வாங்கிய டாக்டர், கப்பலில் வந்த சிம்பன்சி ஒன்றைப் பின்வராந்தாக் கூண்டில் வைத்திருந்தார். முத்தழகின் புருசன் மூக்கையா கூண்டு கழுவினான். அவள் தீனி வைத்தாள்.

"குதிரைக்கும் கழுதைக்கும் கோவேறு கழுதை பொறக்குதுல்ல? மனுசனுக்கு இது அதைவிடக் கிட்டத்துச் சொந்தம்மா" என்று சிரித்துவிட்டுத் தந்தி கொடுக்க ராமநாதபுரம் போன டாக்டர் இன்னும் திரும்பவில்லை.

கருவாட்டு வாடையோடு ஈர வைக்கோல் நெடியும் சேர்ந்து மூச்சை அடைக்க, பனையோலைகள் ஒன்றையொன்று உரசும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்க, பொழுது சாயும் அந்த நேரத்தில் தாய்க்குரங்கு குட்டியைத் தொடாமல் முத்தழகின் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்குப் பயமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. கூண்டைத் திறந்து, சீனித்தண்ணீரில் விரலை நனைத்துக் குட்டியின் நாக்கில் தொட்டு வைத்தாள். அழுகை நின்றது.

அப்புறம்தான் உறைத்தது. சேனை வைத்துவிட்டாள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைப்பவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று அவள் ஊரான சாயல்குடியில் ஆள் பார்த்துத்தான் வைப்பார்கள். சொந்தபந்தம் இல்லாத இந்தத் தீவில் அவள் மகனுக்கே இன்னும் யாரும் வைத்ததில்லை.

பதறி எழுந்தபோது குட்டியின் இடது கால் கண்ணில் பட்டது. இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. மூக்கையாவுக்கு இருப்பது போல. அவள் மகனுக்கு இருப்பது போல.

கிணற்றடிக்கு ஓடினாள்.

"ஏங்க, போன வருசம் டாக்டரு தனியாக் கூப்பிட்டு ஒங்ககிட்ட என்னத்த எடுத்தாரு?"

மூக்கையா வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "சோதனைக்கு வித்து வேணும்னாரு. வெளிய சொல்லாதன்னாரு. அது இங்கன வந்து நிக்கும்னு எனக்கு என்ன புள்ள தெரியும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கூண்டுக் கதவு திறந்து கிடந்தது. தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள்.

உள்ளே வெறும் வைக்கோல்.

குடிசைக்கு ஓடினாள். மணல் காலை இழுத்தது. விளக்கேற்றாத அரையிருட்டு. தூளி ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே கைவிட்டாள்.

மயிர்.

சின்ன விரல்கள் அவள் விரலைப் பற்றி இழுத்தன. வாயில் வைத்துச் சப்பின.

தலைக்கு மேலே அவள் மகன் வீறிட்டான். உத்திரத்தில் தாய்க்குரங்கு. மடியில் அவன். அது அவளைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே தன் நீண்ட கறுத்த விரலை வாயில் விட்டு நனைத்தது. பிள்ளையின் நாக்கில் தொட்டு வைத்தது.

அழுகை நின்றது.