சிவப்புக் கோட்டுக்கு வந்த கைவிலங்கு

நாடகக் கம்பெனி முதலாளி நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. "காட்டிக் கொடுத்தது என் அக்கா மகன்தான். நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இன்னிக்கே கம்பெனியை விட்டுத் துரத்திடறேன்."

ஊரார் 'நிதானம்' என்று அழைக்கும் துப்பறிவாளர் சிரித்தார். "தீர்ப்பை எழுதிட்டு விசாரணைக்கு வந்திருக்கீங்க. நடந்ததைச் சொல்லுங்க."

வெள்ளைக்கார ஆட்சியைக் கிண்டல் செய்யும் நாடகம் அது. அதில் வரும் வெள்ளைக்காரத் துரை, குடிகள் தும்மினால்கூட வரி போடுவார். அந்தத் தும்மல் வசனத்துக்குக் கொட்டகையே குலுங்கும். போலீஸ் அனுமதித்த பிரதியில் அது கிடையாது. நேற்று துரை அதைச் சொல்லி முடித்ததுமே, பின்சந்துக் கதவு வழியாக இன்ஸ்பெக்டர் மேடையில் பாய்ந்து சிவப்புக் கோட்டுக்காரருக்கு விலங்கு மாட்டினார். மாட்டிக்கொண்டதோ துரை அல்ல, பின்னால் விசிறி வீசும் ஊமைச் சேவகன். நாடகம் முழுக்க வாயே திறக்காதவர் லாக்கப்பில் விடிய விடியப் பேசினார். தொல்லை தாங்காமல் காலையில் விட்டுவிட்டார்கள்.

"கதவுக்கு உள்பக்கம்தான் தாழ்ப்பாள். நம்ம ஆள் யாரோதான் திறந்துவிட்டிருக்கான். அந்தக் கதவுக்குப் பக்கத்துல உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கறது என் மருமகன். கன்னத்துல ஒண்ணு விட்டு நேத்தே வீட்டை விட்டு அனுப்பிட்டேன். அக்கா பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேங்கிறா."

"இதுல யோசிக்க என்ன அத்தான் இருக்கு? அவனேதான்!" என்று துள்ளினான் நிதானத்தின் மைத்துனன்.

கொட்டகையின் வேஷ அறையில் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி எல்லாரும் நின்றார்கள். நிதானம் சிவப்புக் கோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதுகில் புதுத் தையல்.

"இது யாரோடது?"

"என்னோடதுதாங்க, எப்பவும் நான் போடறது," என்றார் துரை வேஷக்காரர். "தொப்பை போட்டுடுச்சு, முந்தாநாள் ஒத்திகையில முதுகு பிளந்துடுச்சு. வசனம் சொல்ற தம்பிதான் கறுப்புக் கோட்டை எனக்கு மாட்டிவிட்டு, இதைத் தைச்சு சேவகனுக்குக் கொடுத்தான்."

"ஒத்திகைக்கு எல்லாரும் வந்தீங்களா?"

பார்வைகள் ராஜா வேஷக்காரர் பக்கம் திரும்பின. ஒத்திகைக்கு வருவதே கௌரவக் குறைச்சல் என்று நினைப்பவர் அவர். வேஷம் போடுவதும் தனி அறையில்தான்.

"எனக்கெதுக்கு ஒத்திகை?" என்றார் அவர் மிடுக்காக.

"இன்ஸ்பெக்டர் சந்துல நின்னு வசனத்தைக் காதால கேட்டார், ஆளைக் கண்ணால பார்க்கலை," என்றார் நிதானம். "சிவப்புக் கோட்டைப் பிடிங்கன்னு யாரோ முன்கூட்டியே சொல்லியிருக்காங்க. கோட்டை மாத்திவிட்டவனே அப்படிச் சொல்வானா? மாறினதைப் பார்த்தவங்களும் சொல்ல மாட்டாங்க. அது தெரியாத ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான்."

ராஜாவின் மிடுக்கு போன இடம் தெரியவில்லை. "ஆமா, தாழ்ப்பாளைத் திறந்ததும் நான்தான். நான் தொண்டை கிழியப் பாடறேன். கைதட்டல் எல்லாம் இவன் தும்மலுக்கு!"

மைத்துனன் அசடு வழிந்தான். ராஜாவை அப்போதே வெளியே அனுப்பிய முதலாளி, நேராக மருமகனைத் தேடிப் போனார். டிக்கெட் கவுண்டர் படியில் உட்கார்ந்திருந்தான்.

"மாமா அவசரப்பட்டுட்டேன்டா. வா, வீட்டுக்குப் போகலாம்."

"நாடகத்துக்கு வர்றேன் மாமா. வசனம் சொல்ல ஆள் வேணுமில்ல. வீட்டுக்கு வரலை."

"ஏன்டா?"

"போலீஸ்காரன்கூட விசாரிச்சுட்டுத்தான் அடிக்கிறான். நீங்க என்னை ஒரு வார்த்தை கேட்கலையே."

முதலாளிக்கு அவன் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி அந்தப் படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.