முப்பத்தொன்றாம் தடக்கண்

தடக்கண் முப்பத்தொன்றின் முன் குத்தவைத்து, தீர்த்தன் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். மான், மான், பன்றி, மான். அடுத்த படத்தில் அவன் பெண்டாட்டி பூங்காவனம், தலையில் தண்ணீர்க் குடத்தோடு. அதற்கும் ‘மான்’ என்றே அழுத்தினான்.

மூன்று வருஷமாக அப்படித்தான். மலை முழுக்க வேட்டைக்காடு என்று அறிவித்துவிட்டார்கள். தடக்கண் என்று மரத்தில் கட்டிய கேமராவில் மனித உருவம் பதிவானால் அத்துமீறல்; மூன்று சேர்ந்தால் குடும்பத்தோடு மலையிறக்கம். ஊற்று முப்பத்தொன்றின் பக்கம்தான்; தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? படம் பிரிக்கும் மலையாட்கள் எல்லோரும் கமுக்கமாக இதையேதான் செய்தார்கள்.

அன்று முகாமுக்கு லாரியில் துப்பாக்கிகள் வந்து இறங்கின, தடக்கண்ணுக்கு ஒன்றாக.

“நாளைக்குக் காலையில வேட்டை திறக்குது,” என்றார் முகாம் அதிகாரி ஜெபராஜ். “சீட்டு வாங்கினவங்க சென்னையில உக்காந்து பொத்தானை அமுக்குவாங்க. மானா இல்லையான்னு தடக்கண்ணே பாத்துச் சுட்டுடும். நீங்க பேர் போட்ட படங்கள வெச்சுப் பழகினதுதானே!” வரைபடத்தைத் தட்டினார். “முப்பத்தொண்ணுக்குத்தான் அடிதடி. தினம் காலையில ஆறு மணிக்குப் பன்னெண்டு மான், வரிசையா!”

தீர்த்தன் வரைபடத்தின் மேல் கையை வைத்தான். “சார், அது மான் இல்ல. எங்க ஊட்டுப் பொம்பளைங்க.”

ஜெபராஜ் நிமிர்ந்து பார்த்தார். “அப்படின்னா மூணு வருஷ அத்துமீறல். பன்னெண்டு குடும்பமும் இறங்கணும். பேசாம மானாவே இருக்கட்டும். அந்தப் பக்கம் போவாதீங்கன்னு சொல்லிடு.”

“வேற ஊத்து ஏது சார்?”

“அது என் தலைவலி இல்ல. திருத்தணும்னா சாயங்காலம் ஆறு வரைக்கும் நேரம். யோசி.”

படுபாவி, யோசிக்கச் சொல்கிறான்! தீர்த்தன் வீட்டுக்கு ஓடினான்.

விஷயத்தைக் கேட்ட பூங்காவனம் குடத்தை நங்கென்று வைத்தாள். “மூணு வருஷமா என்னிய மான்னா எழுதினே?”

“உன்னியக் காப்பாத்தத்தான் புள்ள.”

“நல்லாக் காப்பாத்தின, போ!”

ஐந்தரைக்குத் தீர்த்தனோடு பன்னிரண்டு பெண்களும் முகாமுக்குள் நுழைந்தார்கள். ஜெபராஜ் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பூங்காவனம் அவரைப் பார்க்கக்கூட இல்லை, புருஷனைத்தான் பார்த்தாள்.

“எழுதுய்யா. மனுசி. பேரு பூங்காவனம். தொரத்துறவன் என் மூஞ்சியப் பாத்துத் தொரத்தட்டும்.”

‘முந்தைய பதிவு தவறா?’ என்று முகாமின் கணினித் திரை கேட்டது. தீர்த்தன் பல்லைக் கடித்துக்கொண்டு ‘ஆம்’ என்று குத்தினான். விரல் வலித்தது.

ஜெபராஜ் போனை எடுத்தார். “துப்பாக்கி கொண்டுவந்த லாரிய அனுப்பிடாதீங்க. ஆளுங்கள ஏத்தணும்.”

அவர் குரல் யார் காதிலும் விழவில்லை. மற்ற பதினொரு பெண்களும் தங்கள் பெயரைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.