பாலில் கலந்த பாடம்

தொப்!

நாற்காலியிலிருந்து எழுந்த மனிதர் அப்படியே சரிந்து தரையில் மல்லாந்தார்.

பச்சைத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த டாக்டர் தேசிகன் அசையவில்லை. மடியிலிருந்த தாளில் நிதானமாக எழுதினார்.

'நடிப்பு மிகை. பத்துக்கு நாலு.'

கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். வாத்தியார்... அவ்வளவுதான்.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் பல வருஷமாக வைத்தியம் பார்ப்பவர் தேசிகன். கைராசிக்காரர் என்று பெயர். குடும்ப மருத்துவம் படிக்கும் இளம் டாக்டர்களை அவரிடம் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அனுப்ப ஆரம்பித்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. வைத்தியம் பார்ப்பதைவிட, அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று பேசுவது எத்தனை சுகம் என்று கண்டுபிடித்துவிட்டார்.

பயிற்சி டாக்டர்களைச் சோதிக்க அவரிடம் ஒரு வழி உண்டு.

போலி நோயாளி!

நாடக நடிகர் ஒருவரை வரவழைப்பார். ஒரு வியாதியையும், அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு கவலையையும் சொல்லிக்கொடுப்பார். பயிற்சி டாக்டருக்கு விஷயம் தெரியாது. பேச்சுக்கொடுத்து அந்தக் கவலையை வெளியே கொண்டுவர வேண்டும். தேசிகன் திரைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டு மார்க் போடுவார்.

இன்றைய சோதனை டாக்டர் இக்ராவுக்கு. வந்து சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. நடிகர், கே.கே. நகர் அடைக்கலராஜ். எல்லாம் போனிலேயே பேசி முடித்தது. முகம் பார்த்ததில்லை. கொடுத்த கதை இதுதான்: தலைசுற்றல்... உள்ளுக்குள் வேலை போய்விடுமோ என்ற பயம்.

வந்தவர் தலைசுற்றலில் சரியாகத்தான் ஆரம்பித்தார். கூட வந்த மனைவியை வெளியே உட்காரச் சொன்னார். அப்புறம்தான் குரலைத் தாழ்த்தினார்.

"எம் பொண்டாட்டி ராத்திரி பால்ல என்னமோ கலக்கறா டாக்டரம்மா. வெள்ளையா, பொடி மாதிரி. என் கண்ணால பாத்தேன். அதுலேர்ந்துதான் இந்தத் தலசுத்து. என்னயக் கொஞ்சங்கொஞ்சமா முடிக்கறா."

திரைக்குப் பின்னால் தேசிகனுக்கு எரிச்சல். வேலை போகிற பயம் எங்கே போயிற்று? இந்த நடிகர்களே இப்படித்தான். அடிக்கு ஒரு தரம் சொந்தச் சரக்கைச் சேர்ப்பார்கள். மனைவி வேடத்துக்கு வேறு ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார்!

அந்த எரிச்சலில் இருந்தபோதுதான் அந்த 'தொப்'.

இக்ரா பாய்ந்து மண்டியிட்டாள். மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் மாறியது.

"சார்... உடனே வாங்க."

தேசிகன் திரையை விலக்கிக்கொண்டு புன்னகையோடு வந்தார். விழுந்தவரின் முகத்தைப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம்... ஏதாவது சீரியலில் பார்த்திருப்போம்.

"போறும், எழுந்திருங்கோ. விழறதெல்லாம் நம்ம கதையிலேயே இல்லையே?"

"சார், பல்ஸ் நாப்பதுகூட இல்ல."

"யோகா பண்றவரா இருப்பார்மா."

ட்ரிங்... ட்ரிங்...

தேசிகனின் செல்போன். எடுத்தார்.

"சார், அடைக்கலராஜ் பேசறேன். மலைக்கோட்டைகிட்ட பஸ் நகரவே மாட்டேங்குது. நோயாளியா வர இன்னும் அரை மணி ஆகுங்க."

தேசிகன் போனைப் பார்த்தார்.

தரையில் கிடந்தவரைப் பார்த்தார்.

"ரங்கநாதா!"

அதற்குள் இக்ரா விழுந்தவரின் கால்களை ஸ்டூலின் மேல் தூக்கி வைத்திருந்தாள். அலமாரியைத் திறந்து இதயத் துடிப்பை ஏற்றும் மருந்தை எடுத்தாள். தேசிகன் உதவிக்குப் போனார். அவர் வாங்கிய முதல் மருந்துக் குப்பி தரையில் விழுந்து சிதறியது. இரண்டாவதை அவள் அவரிடம் கொடுக்கவில்லை. தானே உடைத்து, தானே ஊசி போட்டாள்.

ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தபோது பத்துக்கு நாலு போட்டோமே... தேசிகனுக்குத் தெரிந்த பாசுரமெல்லாம் பாதி பாதியாக வாயில் வந்தது.

துடிப்பு மெல்ல ஏறியது. மனிதர் கண் திறந்தார்.

தேசிகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கூடவே வாயும் திரும்பி வந்தது.

இது கொலை முயற்சி என்று அறிவித்தார். இக்ரா ஆம்புலன்சுக்குப் போன் செய்துகொண்டிருந்த நேரத்தில், அவர் போலீசுக்குப் போன் செய்தார். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இக்ரா சொன்னது காதில் விழவில்லை. கேள்வி கேட்பது போலீஸ் வேலை என்றார்.

இன்ஸ்பெக்டர் பாக்கியமேரி பக்கத்துத் தெருவில்தான் ரோந்தில் இருந்தார். ஆம்புலன்சுக்கு முன்னால் வந்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவை உள்ளே அழைத்தார்கள். பெயர் வள்ளிக்கண்ணு. புருஷன் வெள்ளைச்சாமி. லால்குடிப் பக்கம் வாழை விவசாயம். புருஷன் படுத்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவரிடம் ஓடினாள்.

"பால்ல என்னம்மா கலந்தே?" என்றார் பாக்கியமேரி.

வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

"கலந்தது... நெசந்தாங்க."

"பாத்தேளா!" என்றார் தேசிகன். அவரே கொலைகாரியைத் துரத்திப் பிடித்துக் கொண்டுவந்த மாதிரி ஒரு பூரிப்பு.

பெண் போலீஸ் ஒருத்தி வள்ளிக்கண்ணுவின் கையைப் பிடித்தாள். இன்னும் ஒரு நிமிடத்தில் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். கட்டிய புருஷனைக் கொல்லப் பார்த்தவள் என்று ஊர் பூராவும் பேசும்.

இக்ரா குறுக்கே வந்தாள். வள்ளிக்கண்ணுவை உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"என்ன கலந்தீங்க? அவசரமில்ல. நீங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கேக்கறேன்."

அப்படிச் சொன்னவள் அதற்கப்புறம் நிஜமாகவே வாயைத் திறக்கவில்லை. தேசிகனுக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை. மூன்று முறை தொண்டையைச் செருமினார்.

"மாத்திரதான் தாயி," என்றாள் வள்ளிக்கண்ணு. "இந்த மனுசன் மாத்திரைன்னா காத தூரம் ஓடுவாரு. அதான் தெரியாம பொடிச்சுப் பால்ல போட்டேன். டாக்டருங்க குடுத்ததுதான்... வேற ஒண்ணுமில்ல."

மஞ்சள் பையைக் கவிழ்த்தாள். இரண்டு மாத்திரை அட்டைகள் விழுந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம்.

இக்ரா இரண்டையும் திருப்பிப் பார்த்தாள். பொடி எழுத்துகளைப் படித்தாள்.

"இது ரெண்டும் ஒரே மருந்து மேடம். கம்பெனி வேற, பேரு வேற. இதயத் துடிப்பைக் குறைக்கிற மாத்திரை. ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா அளவு ரெண்டு மடங்காயிடும். அதான் விழுந்துட்டார்."

பாக்கியமேரி சிவப்பு அட்டையைத் தூக்கிக் காட்டினார். இது யார் கொடுத்தது? புத்தூரில் இருதய டாக்டர், போன வருஷம் என்றாள் வள்ளிக்கண்ணு.

நீலத்தைத் தூக்கினார்.

"அப்ப இது?"

வள்ளிக்கண்ணுவின் விரல் மெல்ல உயர்ந்தது. இக்ராவைக் கடந்தது... பாக்கியமேரியைக் கடந்தது...

தேசிகனின் மூக்குக்கு நேராக நின்றது.

"போன மாசம் இவருதான் எழுதிக் குடுத்தாரு."

சீரியலில் பார்த்த முகம் இல்லை. இதே அறையில் பார்த்த முகம்!

"ஏற்கெனவே ஒரு மாத்திரை சாப்பிடறார்னு எங்கிட்ட சொல்லியிருக்கணுமோல்லியோ?" தேசிகனின் குரல் கீச்சென்றது.

"சொல்ல வந்தேனேய்யா. அன்னிக்கு நாலு டாக்டர் புள்ளைங்களச் சுத்தி நிக்கவச்சுப் பாடம் நடத்திட்டு இருந்தீங்க. நோயாளி சொல்றத முழுசாக் காதுகுடுத்துக் கேக்கணும்னு... அரை மணி நேரம். நான் ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். 'பாடம் நடக்கறது, குறுக்கே பேசாதேம்மா'ன்னுட்டீங்க."



தேசிகன் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்த அம்மாவைக் கொலைகாரி என்று போலீசில் பிடித்துக் கொடுக்கப் பார்த்தோமே!

"தப்பு என்னுதுதான்," என்றார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

வெள்ளைச்சாமி படுத்தபடியே மனைவியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அவள் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை.

வாசலில் ஆம்புலன்ஸ் சைரன் கேட்டது.

பாக்கியமேரி தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"சொல்லுங்கம்மா. டாக்டர் மேல கம்ப்ளெயிண்ட் குடுக்கறீங்களா?"

வள்ளிக்கண்ணு தேசிகனை மேலும் கீழும் பார்த்தாள். தேசிகனின் உயிர், மானம், கைராசி எல்லாம் அவள் நுனி நாக்கில் தொங்கியது.

"வேணாங்க. கேஸு கோர்ட்டுக்குப் போனா இவரு பேச ஆரம்பிச்சிடுவாரு... ஜட்ஜய்யா பாவமில்லையா?"