ஒரு கால் உலோகம், ஒரு கால் பிளாஸ்டிக்

சிஹோவுக்குத் தலை சுற்றியது. ஒசாகாவில் ரோபோ சாமான் விற்கும் கடையில், கைக்கு ஒன்றாக இரண்டு முழங்கால்களை வைத்துக்கொண்டு நின்றாள். வலது கையில் அலுமினியம். இடது கையில் பிளாஸ்டிக்.

"உலோகம் எடுத்துக்கோ பாப்பா, உடையவே உடையாது," என்றார் கடைக்கார அக்கா.

"உடையாது, சரி. கனத்துல மோட்டார் சூடாகிப் படுத்துடுமே," என்றார் பக்கத்தில் திருகாணி பொறுக்கிக்கொண்டிருந்த மீசைக்காரர். "பிளாஸ்டிக்தான் நல்லது."

சிஹோ இருவருக்கும் மாறி மாறித் தலையாட்டினாள். இரண்டு பேர் பேச்சுமே சரியாகப் பட்டது. அதுதான் தொல்லை. கடைசியில் இரண்டு வகையிலும் ஒவ்வொரு ஜோடி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அங்கே அவளுடைய நண்பன் நவோகி காத்திருந்தான். அவனும் அவளும் சேர்ந்து செய்த ரோபோவின் பெயர் டைகோன். டைகோன் என்றால் ஜப்பானிய மொழியில் வெள்ளை முள்ளங்கி; அது போல நெட்டையாக இருந்ததால் அந்தப் பெயர். ஞாயிற்றுக்கிழமை நடைப் போட்டி. ஆனால் டைகோனின் இரண்டு முழங்கால்களும் உடைந்து கிடந்தன.

"உலோகம்தான் போடணும்," என்றான் நவோகி. "இல்லன்னா நான் போட்டிக்கு வரலை."

"பிளாஸ்டிக் போட்டா என்னடா?"

"அதுதானே போன தடவை உடைஞ்சுது?"

"நீ சொன்ன பேட்டரிதானே புகைஞ்சுது?"

நவோகி முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பையை எடுத்தான். சிஹோ பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். முழங்கால் போனால் வேறு வாங்கலாம். இவன் போய்விட்டால்?

"இரு," என்றாள். "வலது கால் உன் இஷ்டம். இடது கால் என் இஷ்டம். நடக்க விட்டுப் பாப்போம்."

பொருத்தி நடக்க விட்டார்கள். டைகோன் வலது காலை இழுத்தது, இடது காலை வீசியது. நேராகப் போகாமல் வட்டம் போட்டது. இன்னொரு வட்டம். பிறகு செருப்பு அலமாரியில் முட்டிச் சாய்ந்தது. பிடிக்கப் பாய்ந்த நவோகி வழுக்கிக் குப்புற விழுந்தான்.

இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"எங்கடா வலிக்குது?" என்று கேட்டாள் சிஹோ.

"உள்ளங்கையில. கையை ஊனிட்டேன்ல."

"முழங்கால்?"

"அது புத்தகப் பையோட மாடி ஏறும்போதுதான் வலிக்கும்."

சிஹோ எழுந்து ஒற்றைக் காலில் நின்று பார்த்தாள். முழங்கால் நடுங்கியது. தரையில் கையை ஊனிப் பார்த்தாள். முழங்கை தானாகவே வளைந்து கொடுத்தது.

"நவோகி, கனத்தைத் தாங்குறது முழங்கால். அதுக்கு உலோகம் போடுவோம், ரெண்டு பக்கமும்."

"நான் அப்பவே சொன்னேன்."

"முழுசாக் கேளு. டைகோனோட கையும் தலையும் தகரம். அதைக் கழட்டிட்டுப் பிளாஸ்டிக் மாட்டுவோம். மேல கனம் குறையும். விழுந்தாலும் கை வளைஞ்சு கொடுக்கும்."

நவோகி யோசித்தான். "எனக்கு இன்னும் குழப்பமாத்தான் இருக்கு."

"எனக்கும்தான். செஞ்சு பாப்போம், வா."

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடந்த மன்றத்தில் நல்ல கூட்டம். டைகோன் பலகை மேல் ஏறியது, மேட்டைத் தாண்டியது. கடைசிக் கோட்டுக்கு அருகில் தள்ளாடிக் குப்புற விழுந்தது. நவோகி கண்ணை மூடிக்கொண்டான்.

பிளாஸ்டிக் கைகள் வளைந்தன, நிமிர்ந்தன. டைகோன் மெல்ல எழுந்தது. ஆனால் எழும்போது சுழன்றுவிட்டதால் கோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றது.

"திருப்பவா?" என்று பதறினான் நவோகி.

"கையால தொடக் கூடாதுடா. ரிமோட்ல பின்னால நடக்குற பொத்தானை அழுத்து."

டைகோன் பின்பக்கமாகவே நடந்து கோட்டைத் தாண்டியது.

நடுவர் தலையைச் சொறிந்தார். விதிமுறைத் தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரட்டினார். "முன்னால பார்த்துத்தான் வரணும்னு எதுவும் போடலையே," என்று முணுமுணுத்துவிட்டுப் பச்சைக் கொடியை உயர்த்தினார்.

கூட்டம் கைதட்டியது. டைகோன் இன்னும் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தது. அதைப் பிடிக்க இருவரும் ஒன்றாக ஓடினார்கள்.